ஆளில்லாத லைனில் நட்சத்திரக் குறி: டெர்மினல் சர்வரில் தொலை அமர்வுகளை எப்படி அமைப்பது?

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். நான் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் நெட்வொர்க் ஆய்வகப் பொறுப்பாளர். பதினொரு ஆண்டுகளாக இதே அறை, இதே ரேக். மூன்று வாரமாக ஒரு சிக்கலில் தவிக்கிறேன். விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள். கட்டளைகளை ஒலிக்கிறபடியே தமிழில் தருகிறேன்.

எங்களிடம் சிஸ்கோ 2611எக்ஸ்எம் ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஸ்லாட் 1-இல் என்எம்-16ஏ அட்டை. அதிலிருந்து எட்டு வால் கொண்ட ஆக்டல் கேபிள்கள் இரண்டு கிளம்பி, பத்து ரவுட்டர்கள், ஆறு ஸ்விட்சுகள் ஆகியவற்றின் கன்சோல் போர்ட்டுகளில் (கருவியை நேரடியாக இயக்கும் துளைகளில்) செருகியிருக்கின்றன. மாணவர்கள் மாலையில் விடுதியில் இருந்தபடியே பயிற்சி செய்யட்டும் என்று இந்தப் பருவத்தில்தான் இதை டெர்மினல் சர்வராக, அதாவது வலை வழியாக வருபவரைக் கன்சோல் கேபிள்களோடு இணைக்கும் கருவியாக, மாற்றினேன்.

தொடக்கத்திலேயே இரண்டு நாள் வீணாயிற்று. டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் முறை) போர்ட் 2001-இல் தொடங்கும் என்று படித்துவிட்டு அதையே முயன்றுகொண்டிருந்தேன். "ஷோ லைன்" கொடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்லாட் 1-இல் இருக்கும் அட்டைக்கு லைன் (ஒவ்வொரு கேபிள் வாலுக்கும் உரிய வழி) எண் 33-இல் தொடங்குகிறது என்று தெரிந்தது. ஆகவே 2000-உடன் லைன் எண்ணைக் கூட்டினால் ஆர்-1 ரவுட்டருக்கு 2033, ஆர்-2 ரவுட்டருக்கு 2034, கடைசி ஸ்விட்சுக்கு 2048. இதை அட்டையில் எழுதி ரேக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இப்போதைய அமைப்பு இவ்வளவுதான்:

லைன் 33 48
எக்ஸெக்-டைம்அவுட் 0 0
டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்

லைன் விடிஒய் 0 4
பாஸ்வேர்ட் (மறைத்திருக்கிறேன்)
லாகின்

பதினாறு கருவிகளின் கன்சோலிலும் எக்ஸெக்-டைம்அவுட் 0 0, அதாவது நேரவரம்பே இல்லை என்று, போட்டிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிவிடுகிறது என்று மாணவர்கள் சலித்துக்கொண்டதால் அப்படிச் செய்தேன்.

இனி நடப்பதைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு அறையைத் திறந்து "ஷோ லைன்" பார்த்தால் 37, 41 ஆகிய இரண்டு லைன்களிலும் நட்சத்திரக் குறி, அதாவது லைன் பயன்பாட்டில் இருக்கிறது என்ற அடையாளம். உள்ளே யாரும் இல்லை. விடுதி வைஃபை இரவு பதினொரு மணிக்கே அணைந்துவிடும். அந்த லைன்களுக்குள் நுழைய முயன்றால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வருகிறது. "கிளியர் லைன் 37" கொடுத்தால் சரியாகிறது. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் நட்சத்திரம். நாய்ஸ் (லைனில் வந்த தேவையற்ற சமிக்ஞைகளின் எண்ணிக்கை) என்ற நெடுவரிசையில் அந்த இரண்டு லைன்களுக்கு மட்டும் எண் ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்தது, வைஃபை பாதியில் துண்டிக்கப்பட்டால் அந்த மாணவரே தன் லைனுக்குள் திரும்ப நுழைய முடிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதற்காக மட்டும் நாற்பது நிமிடம் பஸ்ஸில் வந்து லைனை விடுவித்துவிட்டுப் போனேன். சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து கருவிகளுக்குத் தாவும் மாணவர்களில் ஆறாவது ஆளுக்கு எப்போதும் இடம் கிடைப்பதில்லை என்பதும் ஒரு குறை.

என்னை உண்மையில் வருத்துவது வேறு. ஆர்-3 ரவுட்டரில் ஒரு மாணவி மூன்று மாலைகள் உட்கார்ந்து ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழி கண்டறியும் முறை) பயிற்சி செய்திருந்தாள். வேலை முடிந்ததும் டெல்நெட் சாளரத்தை மூடிவிட்டுப் போனாள். அடுத்து நுழைந்த மாணவனுக்குக் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் நேராக அவளுடைய எனேபிள் (முழு அதிகார) நிலையே திறந்து கிடந்தது. அவன் தன் பயிற்சியைத் தொடங்குவதாக நினைத்து "ரைட் எரேஸ்" கொடுத்துச் சேமித்த அமைப்பை அழித்து, ரீலோடும் (மறுதொடக்கமும்) செய்துவிட்டான். மறுநாள் அவள் என் மேசை முன் வந்து நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறையை அமைத்தவள் நான்.

எந்த நேரவரம்பை எங்கே வைப்பது என்று அனுபவசாலிகள் சொல்லுங்கள். புதிய கருவி வாங்க நிதி இல்லை.

மஞ்சள்நகர் எழுதியது:

வணக்கம் அக்கா. என்னுடைய யோசனை, அந்தப் பழைய ரவுட்டரை இந்தப் பணியிலிருந்து விடுவித்துவிடலாம் என்பதே. ஒரு ராஸ்பெர்ரி பை, மின்சாரம் தனியாகப் பெறும் யூஎஸ்பி ஹப், யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள் இருந்தால் போதும். அதில் கான்சர்வர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஒவ்வொரு கன்சோலிலும் வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பில் பதிவாகும். ஒருவர் தட்டச்சு செய்யும்போது இன்னொருவர் உடன் இருந்து பார்க்கவும் முடியும். ஆசிரியர்களுக்கு இது பெரிய வசதி. வெறும் போர்ட் திறந்தால் போதும் என்றால் செர்2நெட் இன்னும் எளிது.

ஒரு எச்சரிக்கை மட்டும். யூஎஸ்பி கேபிள்களுக்கு லினக்ஸ் கொடுக்கும் எண், மின்சாரம் போய் வந்தால் மாறிவிடலாம். நேற்றுவரை 3 என்று இருந்த கேபிள் இன்று 5 ஆகிவிடும். மலிவான கேபிள்கள் பலவற்றில் தனி வரிசை எண்ணும் இருக்காது. ஆகவே ஹப்பின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து யூடெவ் (லினக்ஸில் கருவிகளுக்குப் பெயரிடும் வசதி) விதி எழுதி நிரந்தரப் பெயர் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை வேறொரு ஸ்விட்சின் அமைப்பை மாற்றியிருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, கேள்வியை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. நாய்ஸ் நெடுவரிசையைக் கவனித்துச் சொன்னீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தரவு மையங்களில் இரவுப் பணி பார்த்தவன். கன்சோல் வழியாகத்தான் என் பிழைப்பே நடந்தது.

தம்பி மஞ்சள்நகர் சொன்னது நல்ல வழிதான். பதிவு வைத்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கருவியை மாற்றினாலும் உங்கள் மாணவிக்கு நேர்ந்தது மறுபடியும் நேரும். அதனால் முதலில் இருப்பதைச் சீர்செய்வோம்.

முதலில் 37, 41. லைனில் "எக்ஸெக்" (கட்டளைகளை ஏற்கும் அமர்வு) இயங்க நீங்கள் அனுமதித்திருக்கிறீர்கள்; எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் இயல்புநிலை. அப்படியானால் அந்தக் கேபிள் வழியாக எந்த எழுத்து வந்தாலும், யாரோ ஒரு மனிதர் முனையத்தில் உட்கார்ந்து விசையைத் தட்டுகிறார் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். ஆர்-5 தன் கன்சோலில் ஒரு லாக் செய்தியை எழுதுகிறது. சர்வர் அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, ஓர் அமர்வைத் திறந்து, தன் பெயரைப் பிராம்ப்டாக (கட்டளை கேட்கும் குறியாக) அனுப்புகிறது. ஆர்-5 கன்சோலில் யாரோ கடைசியாக விட்டுப்போன பிராம்ப்ட் திறந்தே கிடக்கிறது, ஏனென்றால் அங்கே நேரவரம்பு பூஜ்யம். தனக்கு வந்த சொல்லைக் கட்டளை என்று நினைக்கிறது. தெரியாத சொல்லாக இருப்பதால் அது ஏதோ ஒரு கணினியின் பெயராக இருக்கும் என்று டிஎன்எஸ்-இல் தேடப் போகிறது; தேடுவதாக ஒரு வரியும் எழுதுகிறது. அந்த வரி சர்வருக்குப் போகிறது. சர்வர் பதில் சொல்கிறது. இரவு முழுவதும் இரண்டு இயந்திரங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் காலையில் பார்க்கும் நட்சத்திரம் அதுதான். லைன் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் வெளியிலிருந்து வரும் இணைப்பு மறுக்கப்படுகிறது.

மருந்து ஒரே சொல்: லைன் 33 48-இன் கீழ் "நோ எக்ஸெக்". வெளியிலிருந்து கருவிக்குப் போகும் இணைப்பை இது தடுக்காது. கருவியிலிருந்து வரும் எழுத்துக்கள் சர்வரில் அமர்வைத் திறப்பதை மட்டும் நிறுத்தும். கூடவே 37-இலும் 41-இலும் இருக்கும் ரவுட்டர்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன என்று கன்சோலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். காரணம் இல்லாமல் பேசாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அமர்வு என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம். டெர்மினல் சர்வரில் அது மூன்று தனித்தனி அமர்வுகள். மாணவரின் கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஒரு டிசிபி இணைப்பு. சர்வரில் அந்த லைனை ஒருவர் பிடித்துவைத்திருக்கும் நிலை. கேபிளின் மறுமுனையில், ஆர்-3 ரவுட்டரின் கன்சோலில் திறந்திருக்கும் உள்நுழைவு. இந்த மூன்றும் ஒன்றாகத் தொடங்குவது போலத் தெரியும். முடியும்போது ஒவ்வொன்றும் தனியாகத்தான் முடிகிறது. மாணவி சாளரத்தை மூடினாள். முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதற்கு அவள் போனது தெரியாது. டெல்நெட்டோ மறைகுறியிட்ட எஸ்எஸ்எச்சோ நேராக ரவுட்டருக்குள் போயிருந்தால், இணைப்பு அறுந்ததும் அமர்வும் இறந்திருக்கும். கன்சோல் கேபிளில் அப்படி இல்லை. மோடம் இருந்த காலத்தில் ஒரு கம்பியின் மின்னழுத்தம் விழுந்தால் மறுமுனை "ஆள் போய்விட்டார்" என்று புரிந்துகொள்ளும். இந்த ரவுட்டர்களின் கன்சோல் போர்ட் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்பதில்லை. எதிரே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அறிய அதற்கு இருக்கும் ஒரே வழி கடிகாரம். அந்தக் கடிகாரத்தைத்தான் நீங்கள் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

வருந்த வேண்டாம். நான் பார்த்த ஆய்வகங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன.

ஆகவே பதினாறு கருவிகளின் கன்சோலிலும் எக்ஸெக்-டைம்அவுட் 15 0 என்று போடுங்கள். "லாகின் லோக்கல்" போடுங்கள். டெர்மினல் சர்வரின் லைன் 33 48-இல் செஷன்-டைம்அவுட் 20. எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். கருவியின் கடிகாரம் முதலில் ஒலிக்க வேண்டும், லைனின் கடிகாரம் பிறகு. தலைகீழாக வைத்தால் லைன் விடுபட்டு அடுத்த மாணவர் நுழையும்போது பழையவரின் எனேபிள் நிலை இன்னும் திறந்திருக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. சாளரத்தைச் சட்டென்று மூடிவிட்டால் லைன் உடனே விடுபடும், கன்சோல் இன்னும் பதினைந்து நிமிடம் திறந்திருக்கும். "வெளியேறும் முன் எக்ஸிட் கொடு" என்று சுவரில் எழுதி ஒட்டுவது ஒரு வழி. நான் அதை மட்டும் நம்பமாட்டேன். முன்னால் ஒரு லினக்ஸ் கணினியை வைத்து, மாணவர்கள் அதற்குள் எஸ்எஸ்எச் வழியாக வந்து, அங்கிருந்து ஒரு சிறு எக்ஸ்பெக்ட் (மனிதருக்குப் பதிலாகத் தட்டச்சு செய்யும் கருவி) நிரல் மூலம் லைனுக்குப் போகும்படி செய்யுங்கள். மாணவரின் இணைப்பு எப்படி முடிந்தாலும், நிரல் அந்த லைனுக்குக் கண்ட்ரோல்-இசட், அடுத்து எக்ஸிட் என்று அனுப்பிவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். பத்து வரிக்குள் எழுதிவிடலாம்.

வைஃபை அறுந்தால் லைன் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், பாதி செத்த டிசிபி இணைப்பு. மாணவரின் பக்கம் மறைந்துவிட்டது. சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. "சர்வீஸ் டிசிபி-கீப்அலைவ்ஸ்-இன்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சர்வரே அவ்வப்போது தட்டிப் பார்த்து, பதில் இல்லையென்றால் இணைப்பை விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிச்சம்.

ஆறாவது ஆள்: விடிஒய் என்பது வலை வழியாகச் சர்வருக்குள் நுழைவோருக்கான இடம்; 0 முதல் 4 வரை ஐந்துதான். மாணவர்கள் சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து தாவினால் ஆளுக்கு ஓர் இடம் செலவாகும். நேராக 2035, 2036 என்று போனால் விடிஒய் தேவையே இல்லை. விடிஒய்-ஐ உங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆக்சஸ்-கிளாஸ் (முகவரி வடிகட்டி) போட்டு உங்கள் மேசைக் கணினிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

உள்ளிருந்து தாவும் வழக்கத்தை நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-6, பிறகு எக்ஸ் என்ற சேர்க்கையை அழுத்தினால் இணைப்பு முடிவதில்லை, பின்னணியில் நிற்கிறது. மாணவர்கள் வெளியே வந்துவிட்டதாக நினைப்பார்கள். "ஷோ செஷன்ஸ்" கொடுத்தால் நான்கைந்து இணைப்புகள் வரிசையாக நிற்கும்; எண்ணைக் குறிப்பிட்டு "டிஸ்கனெக்ட்" கொடுத்தால்தான் போகும். கருவிக்குள் ஓடும் பிங்கை நிறுத்த அதே விசைகளை அழுத்தினாலும் வெளியில் இருக்கும் சர்வர்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். உள்ளே போய்ச்சேர இரண்டுமுறை அழுத்த வேண்டும். முதலாண்டு மாணவருக்கு இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட நேர்வழி நல்லது.

ஒரு சிறு செய்தி. "ரைட் எரேஸ்" சேமித்த அமைப்பை மட்டும்தான் அழிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு, ரீலோடு செய்யும்வரை நினைவகத்தில் அப்படியே இருக்கும். அந்த நிமிடத்தில் யாராவது கவனித்திருந்தால் "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" கொடுத்து முழுவதையும் மீட்டிருக்கலாம். இதை எல்லா மாணவருக்கும் சொல்லிவையுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியதை அச்சிட்டு நோட்டில் ஒட்டிக்கொண்டேன். செய்ததையும் கண்டதையும் சொல்கிறேன்.

"நோ எக்ஸெக்" போடுவதற்கு முன் நீங்கள் சொன்னபடி இரண்டு கன்சோல்களிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஆர்-5 நிமிடத்துக்கு ஒருமுறை டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருதிசையிலும் அனுப்புவதா என்ற அமைப்பு) பொருந்தவில்லை என்று சிடிபி (சிஸ்கோ கருவிகள் அண்டைக் கருவிகளை அறியும் முறை) செய்தி எழுதிக்கொண்டிருந்தது. ரவுட்டர் பக்கம் முழு டூப்ளெக்ஸ் என்று யாரோ நிலையாக வைத்திருக்கிறார்கள். ஸ்விட்ச் பக்கம் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்ததால் அது பாதி டூப்ளெக்ஸில் நின்றிருந்தது. அந்த வழியில் கோப்பு நகர்த்துவது ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியாமல் இருந்தது. இரண்டையும் தானியங்கியில் வைத்தேன், செய்தி நின்றது. ஆர்-9 ரவுட்டரில் "டீபக் ஐபி ரிப்" (ரிப் வழிச் செய்திகளைக் கன்சோலில் காட்டும் கட்டளை) அணைக்கப்படாமலே ஓடிக்கொண்டிருந்தது. எந்த மாணவர், எந்த வாரத்தில் போட்டார் என்று தெரியவில்லை.

பிறகு "நோ எக்ஸெக்", செஷன்-டைம்அவுட் 20, கீப்அலைவ் வரி மூன்றையும் போட்டேன். நான்கு காலைகளாக ஒரு நட்சத்திரம்கூட இல்லை. கன்சோல்களில் 15 நிமிடம் வைத்ததற்கு மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஆர்-3 ரவுட்டரில் நடந்ததைச் சொன்னேன். அதன்பின் யாரும் பேசவில்லை.

இன்னொரு கேள்வி. ஆர்-7 ரவுட்டரில் ஒருவர் எனேபிள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறந்துவிட்டார். கடவுச்சொல் மீட்புக்குத் தொடக்கத்தில் பிரேக் விசை அழுத்த வேண்டும் என்று தெரியும். நேராகக் கேபிள் செருகியிருந்த காலத்தில் பலமுறை செய்திருக்கிறேன். இப்போது டெர்மினல் சர்வர் வழியாக அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை.

இரவுப்பணி எழுதியது:

டூப்ளெக்ஸ் கண்டுபிடித்தது மிக நல்ல வேலை, சகோதரி. அந்த நாய்ஸ் எண் இல்லையென்றால் அது இன்னும் ஓராண்டு அப்படியே கிடந்திருக்கும்.

பிரேக் என்பது எழுத்து இல்லை. 9600 வேகத்தில் ஓர் எழுத்து ஏறக்குறைய ஒரு மில்லி நொடியில் போய்விடும். கம்பியை அதைவிட நெடுநேரம் ஒரே நிலையில் பிடித்துவைத்தால் மறுமுனை அதைப் பிரேக் என்று உணரும். ஆகவே உங்கள் விசைப்பலகையின் பிரேக் விசை டெல்நெட் வழியாகத் தானாகப் பயணிக்காது. டெல்நெட்டில் அதற்கென்று தனிக் குறி உண்டு. நீங்கள்தான் அதை அனுப்பச் சொல்ல வேண்டும். லினக்ஸ் டெல்நெட்டில் கண்ட்ரோலையும் வலது சதுர அடைப்புக்குறியையும் சேர்த்து அழுத்தி, வரும் பிராம்ப்டில் "செண்ட் பிஆர்கே" என்று கொடுங்கள். சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து தாவியிருந்தால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-6, பிறகு பி. ஓபன்எஸ்எஸ்எச் வழியாக லைனுக்கு வந்திருந்தால் புதிய வரியின் தொடக்கத்தில் அலைக்குறி, பிறகு பெரிய பி. ரவுட்டரை அணைத்துப் போட்ட முதல் 60 நொடிக்குள் அனுப்ப வேண்டும். இதற்கு மட்டும் அறையில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். ராம்மான் (தொடக்கநிலை மீட்பு) பிராம்ப்ட் வந்ததும், சேமித்த அமைப்பைத் தவிர்க்கச் சொல்லும் கான்ஃப்ரெக் 2142. வேலை முடிந்ததும் மறக்காமல் 2102-க்குத் திரும்புங்கள். இல்லையென்றால் அடுத்த ரீலோடில் சேமித்த அமைப்பைப் படிக்காமலே எழுந்து நிற்கும். மாணவர்கள் மறுபடி பயந்துவிடுவார்கள்.

பிரேக் பற்றி எழுதும்போது ஓர் இரவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் இயந்திரங்கள் ஒன்பது, அவற்றின் கன்சோல்கள் எல்லாம் ஒரே டெர்மினல் சர்வரில். மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ரேக்கில் கேபிள்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நான் டெர்மினல் சர்வரின் மின்கம்பியை வேறு பலகைக்கு மாற்றினேன். அது வெறும் கன்சோல் பெட்டிதானே, இரண்டு நிமிடம் அணைந்தால் என்ன என்று எண்ணினேன். மின்சாரம் போனபோது எல்லா லைன்களிலும் மின்னழுத்தம் விழுந்தது. ஒன்பது இயந்திரங்களும் அதைப் பிரேக் என்று எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த சோலாரிஸ் இயங்குதளத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு "ஓகே" பிராம்ப்டில் வந்து நின்றன. தொலைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கத் தொடங்கியபோது எனக்குக் காரணமே புரியவில்லை. ஒவ்வொரு கன்சோலாகப் போய் "கோ" என்று தட்டினேன். நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தன. கடைசி இயந்திரத்துக்கு நான் போய்ச்சேரப் பதினொரு நிமிடம் ஆனது.

அன்று விடிவதற்குள் ஒன்பதிலும் கேபிடி என்ற அமைப்புக் கோப்பில் கீபோர்ட் அபார்ட் மதிப்பை "ஆல்டர்னேட்" என்று மாற்றினேன். அப்படிச் செய்தால் வெறும் பிரேக்குக்கு இயந்திரம் நிற்காது. எண்டர், அலைக்குறி, கண்ட்ரோல்-பி என்று வரிசையாகத் தட்டினால்தான் நிற்கும். உங்கள் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட இயந்திரம் எதையும் அந்தச் சர்வரில் இணைக்க நேர்ந்தால், கேபிளைச் செருகும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

மஞ்சள்நகர் எழுதியது:

அண்ணன் சொன்ன லினக்ஸ் கணினிக்கு நான் முழு ஆதரவு. இப்போது விடுதி வைஃபையில் கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியே வெளிப்படையாகப் போகின்றன. டெல்நெட் வரையறை 1983-இல் எழுதப்பட்டது. அதில் மறைப்பு எதுவும் இல்லை. எஸ்எஸ்எச் பிறந்ததே இதனால்தான். 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனன் அதை எழுதினார்.

அக்கா, அந்த 2611எக்ஸ்எம்-இலேயே எஸ்எஸ்எச் திறக்க நினைத்தால், பெயரில் கே9 என்று வரும் ஐஓஎஸ் (சிஸ்கோ இயங்குதளம்) வேண்டும். ஹோஸ்ட்நேம், டொமைன் பெயர், ஆர்எஸ்ஏ சாவி மூன்றும் வேண்டும். ஆனால் அது பேசும் பழைய முறைகளை இன்றைய ஓபன்எஸ்எஸ்எச் ஏற்பதில்லை. குரூப்1 சாவிப் பரிமாற்றத்தை 2015-லும், ஷா-1 வழிக் கையொப்பத்தை 2021-லும் இயல்புநிலையில் அணைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாணவர் கணினியிலும் அவற்றைத் திரும்பத் திறக்கச் சொல்வது சரியில்லை. விடுதியிலிருந்து லினக்ஸ் கணினி வரை எஸ்எஸ்எச். அங்கிருந்து டெர்மினல் சர்வர் வரை வேறு யாரும் நுழைய முடியாத தனி விலான் (பிரித்துவைத்த உள்வலை) ஒன்றில் டெல்நெட். லைன் 33 48-இல் டிரான்ஸ்போர்ட் இன்புட் ஆல் என்பதை டெல்நெட் என்று மாற்றி, ஆக்சஸ்-கிளாஸில் அந்த ஒரே கணினியின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

எக்ஸ்பெக்ட் நிரலில் லாக்_ஃபைல் என்ற ஒரு வரி சேர்த்தால் நான் முதலில் சொன்ன பதிவும் கிடைத்துவிடும். ராஸ்பெர்ரி பை வாங்க வேண்டாம்.

பொருநைக்கரை எழுதியது:

ஆர்-7 திறந்துவிட்டது. "செண்ட் பிஆர்கே" மூன்றாவது முயற்சியில் பிடித்தது. முதல் இரண்டு முறையும் மின்சாரம் போட்டுவிட்டு என் மேசைக்கு ஓடி வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இப்போது ஒரு மாணவரை ரேக் அருகே நிறுத்தி, நான் சொன்னதும் சுவிட்சைப் போடச் சொல்கிறேன். 2102-க்குத் திரும்பிவிட்டேன்.

அலமாரியில் கிடந்த பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி முன்னால் வைத்துவிட்டேன். எக்ஸ்பெக்ட் நிரல் பதினான்கு வரி ஆனது. சாளரத்தை வேண்டுமென்றே சட்டென்று மூடிப் பதினாறு லைன்களிலும் சோதித்தேன். எல்லாமே உள்நுழைவுக் கேள்விக்குத் திரும்பியிருந்தன. இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு கருவியின் ஓடும் அமைப்பையும் எடுத்துத் தேதியிட்டுச் சேமிக்கும் இன்னொரு நிரலும் சேர்த்திருக்கிறேன்.

அந்த மாணவியிடம் ஆர்-3 ரவுட்டரை ஒரு வாரத்துக்கு ஒதுக்கித் தந்திருக்கிறேன். இப்போது இரவு 9:40. வீட்டிலிருந்து "ஷோ லைன்" பார்க்கிறேன். லைன் 35-இல் மட்டும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அவள்தான்.